கொட்டாஞ்சேனைக்குப் போன ஜன்னல்

ஒரு கண்ணாடிக் கலைஞரைப் பற்றி நான் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். ஒளி, நிறம், உணர்ச்சி என்று உட்தலைப்புகள்கூட இருந்தன. ‘நீலத்தின் துயரம்’ என்ற பகுதியைப் படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பேராசிரியர், கண் கலங்கிவிட்டதாகக் கடிதம் போட்டார். எல்லாம் சரிதான். அந்தக் கலைஞரின் கண்ணாடியில் ஒரு துண்டைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொடுத்த ஜெராக்ஸ் பிரதிகளை வைத்துக்கொண்டு எழுதினேன். ஜெராக்ஸ் கறுப்பு வெள்ளை.

இப்படி ஒரு காரியத்தைச் செய்தவன் அடக்கமாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கலைஞர் அம்மாவிடமிருந்தே அழைப்பு வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மாதா கோயிலில் அவர் செய்த ஜன்னலைப் பொருத்தப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. இந்தியாவிலிருந்து நான் வந்து பேச வேண்டுமாம். சண்டை நடக்கிற நாடாயிற்றே என்றாள் என் மனைவி. கலைக்கு எல்லை ஏது என்றேன். “கலைக்கு இல்லை, உங்களுக்கு சுகர் இருக்கு” என்று மாத்திரைகளைப் பெட்டியில் வைத்தாள்.

கலைஞரான தவமலர் டீச்சரின் வீடு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. சந்தில் இருக்கிற வீடுகளின் ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் பழுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்கள். ஏதோ தேர்தல் சின்னம் என்று நினைத்துக்கொண்டேன். குண்டு வெடித்தால் கண்ணாடி சிதறி ஆளைக் குத்தாமல் இருக்க ஒட்டுவது என்று டீச்சரின் கணவர் சிவபாதம் விளக்கினார். அவர் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். எதையும் இரண்டாம் தடவை சொல்ல விரும்பாத குரல்.

நான் செருப்பைக் கழற்றி முடிக்கவில்லை. “கழட்டாதேங்கோ. முதல் பொலிசுக்குப் போய் உங்களைப் பதிய வேணும்” என்றார்.

வீட்டுக்கு வெளியாள் வந்து தங்கினால் காவல்நிலையத்தில் சொல்ல வேண்டுமாம். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது.

“என்ன வேலை எண்டு கேட்டா எழுத்தாளர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

“ஏன்?”

“பேப்பரில எழுதுறவன் எண்டு நினைப்பான். பிறகு ராச்சாப்பாடு ரெண்டு பேருக்கும் உள்ளுக்கதான்.”

“பிறகு என்னவென்று சொல்வது?”

“கண்ணாடி வியாபாரி எண்டு சொல்லுவம். வீட்டிலயும் கண்ணாடி கிடக்குது. சோதிக்க வந்தாலும் பொருந்தும்.”

முப்பது வருடம் எழுதியவன் ஒரு நொடியில் கண்ணாடி வியாபாரி ஆனேன். சார்ஜன்ட் சிங்களத்தில் எதையோ கேட்டார். “இந்த ஸ்டேஷன் யன்னலுகளுக்குக் கண்ணாடி போட என்ன செலவாகும் எண்டு கேக்கிறார்” என்றார் சிவபாதம். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். வெளியே வந்தபிறகு மொழிபெயர்ப்பு கிடைத்தது: “கொள்ளைக்காரன்.”

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. டீச்சர் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, பழைய சேலையில் சுற்றிய ஒன்றை இழுத்து எடுத்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன வெட்டுத் தழும்புகள்.

“இதுதான் ஐயா, நீங்கள் எழுதின நீலத்தின் துயரம்.”

சேலையை அவிழ்த்தார். உள்ளே, நன்றாகப் பழுத்த பப்பாளியின் நிறத்தில் ஒரு கண்ணாடிப் பலகை இருந்தது. நீலம் என்று ஒரு கீற்று, ஒரு புள்ளி, மருந்துக்கும் இல்லை. எனக்கு வேர்த்தது. கொழும்பு வெக்கை அதற்கு ஓரளவு உதவியது.

“உங்கட கட்டுரை நல்லா இருந்தது” என்றார் டீச்சர் ஆறுதலாக. “அதுக்குப் பொருந்த நிறத்தை மாத்திப்போடுவமோ எண்டுகூட யோசிச்சனான்.”

“பிறகு எதற்கம்மா என்னைக் கூப்பிட்டீர்கள்?”

“என்னைப் பற்றி ஒரு வரி எழுதின ஆள் நீங்கள் ஒருத்தர்தானே.”

அவர் அந்தப் பலகையை மேற்கு ஜன்னலில் சாத்தி வைத்தார். தண்டவாளத்துக்கு அப்பால் கடல், கடலுக்கு மேல் சூரியன். திடீரென்று அறை முழுவதும் பழுத்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டி, சுவர்க் காலண்டர், சிவபாதத்தின் பனியன் எல்லாவற்றின் மீதும் ஆரஞ்சு வழிந்தது. உடைக்கப்படும் பழைய வீடுகளின் வாசல் மேலிருந்து கழற்றிய நிறக் கண்ணாடியைப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி, வெட்டி, ஈயப் பட்டிகளுக்கு நடுவே கோத்துச் செய்கிறாராம். “நான் செய்யிறது பாதி வேலைதான். மிச்சம் வெயில் செய்யும். காலமை ஒரு குணம், பின்னேரம் ஒரு குணம். கோவத்தில இருக்கிற ஆள்கூட இதுக்கு முன்னால நிண்டா முகம் இளகும். இவருக்கு மட்டும் இளகாது” என்று கணவரைக் காட்டினார். சிவபாதம் ஆரஞ்சு முகத்தோடு இளகாமல் நின்றார்.

இரவு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். நம் ஊரில் இடியப்பம் பலகாரம். இங்கே அது பிடிவாதம். போதும் என்ற சொல்லுக்கு இன்னும் நாலு வை என்று பொருள் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு நடுவில்தான் விஷயம் வெளியே வந்தது. கட்டிலுக்கு அடியில் இருப்பவை ஒன்றிரண்டு அல்ல, பத்து வருட வேலை. காட்சிக்கு வைக்க ஒரு மண்டபமும் சம்மதிக்கவில்லை. குண்டு விழுகிற காலத்தில் தலைக்கு மேல் கண்ணாடி மாட்டுகிற பைத்தியம் யார்? கொட்டாஞ்சேனைப் பாதிரியார் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் கோயில் சபைக்காரர்கள் இன்னும் முழுச் சம்மதம் சொல்லவில்லை.

“கனடாவில அக்கா ஸ்பொன்சர் பண்ணி எல்லாம் ஆயத்தமா கிடக்கு” என்றார் டீச்சர். “இந்த யன்னலும் திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழ போச்செண்டா நானும் அக்காட்டப் போயிடுவன். இனி ஏலாது.”

சிவபாதம் சொதிக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போக விருப்பமில்லை என்பது என்னைப் போன்ற மந்தனுக்கே விளங்கியது.

மறுநாள் ஜன்னல் புறப்பட்டது. மாளிகாவத்தையிலிருந்து நசீர் நானா என்கிற வேன்காரர் வந்தார்; நானா என்றால் அங்கே அண்ணன். ஆள் உயர ஜன்னலை இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் நிறுத்தி, விழாமல் இருக்க ஒரு பக்கம் என்னை வைத்தார்கள். விமரிசகர்கள் கலைக்கு முட்டுக்கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்படி என்று தெரியாது. சபைக்குக் காட்ட இருக்கட்டும் என்று அந்தப் பப்பாளிப் பலகையையும் என் மடியில் வைத்தார் டீச்சர்.

முதல் சோதனைச் சாவடியைத் தாண்டினோம். இரண்டாவதில் எல்லோரையும் இறக்கினார்கள். மீசை அரும்பிய ஒரு சிப்பாய் மெத்தையைத் துப்பாக்கி நுனியால் குத்திப் பார்த்தான்.

“என்ன இது?”

“ஜன்னல்” என்றார் டீச்சர் சிங்களத்தில்.

“வீடு எங்கே?”

“வீடு இல்லை. கோயிலுக்கு.”

“இவர் யார்?”

“இந்தியா. கண்ணாடி வியாபாரி” என்று நசீர் நானா முந்திக்கொண்டார். என் புகழ் மாளிகாவத்தை வரை பரவியிருந்தது.

சிப்பாய் என் கையிலிருந்த பலகையை வாங்கி, அதன் வழியாகச் சூரியனைப் பார்த்தான். பிறகு மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தான். “டேய், உன்னை அடுப்பில் வைத்ததுபோல் இருக்கிறது” என்றானாம். இந்தச் சிங்களமெல்லாம் நசீர் நானா பிறகு எனக்குச் சொன்னது. கூட்டாளி ஓடிவந்து தானும் பார்த்தான். இன்னொருவன் வந்தான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இலங்கை ராணுவத்தின் ஒரு சிறு பிரிவு கலையை ரசித்துக்கொண்டிருக்க, கலையைப் பற்றி எழுதிப் பிழைக்கும் நான் வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். ரசித்து முடித்ததும் ஜன்னல் முழுவதையும் வெளியே எடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.

“பயப்படாதீங்க சேர், நல்ல பொடியன்மாருதான்” என்றார் நசீர் நானா. “போன கிழமை எங்கட வாப்பாவ அடக்கக் கொண்டுபோன மையத்துப் பெட்டியையும் இப்படித்தான் தொறந்து பார்த்தாங்க.”

அதற்குப் பிறகு யாரோ பெரிய மனிதர் போவதற்காகச் சாலையை மூடிவிட்டார்கள். உங்கள் ஊரிலும் இப்படி மூடுவார்களா என்று நானா கேட்டார். எங்கள் ஊரில் மாடு படுத்திருக்கும், தட்டினால் எழுந்துவிடும் என்றேன். அதுவே மேல் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்போது என் முழங்கால் இரண்டும் என்னுடையவை அல்ல.

கோயில் நெருக்கமான ஒரு தெருவில், துறைமுகத்தின் எண்ணெய் வாசம் எட்டுகிற தூரத்தில் இருந்தது. அங்கேயும் எல்லா ஜன்னலிலும் டேப். கிழக்குச் சுவரில் ஒன்று மட்டும் சட்டமில்லாமல் திறந்து கிடந்தது. சபைக்காரர்கள் காத்திருந்தார்கள். பாதிரியார் இளைஞர், எல்லோருக்கும் தலையாட்டுகிறவர். பேசியவர் ஒரே ஒருவர்தான்: சூசை அண்ணன். துறைமுகத்தில் கிளார்க். கோயிலுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். சினிமாப் பைத்தியம்போல என்று மனதுக்குள் கேலி செய்தேன். அவர் அதைக் கழற்றினார். இடது கண் இல்லை.

“டீச்சர், என்ட கண்ணைக் கொண்டு போனது குண்டு இல்ல” என்றார். “குண்டு எங்கயோ தூரத்தில. நான் மேசையில இருந்து டீ குடிச்சிட்டு இருந்தேன். ஒபிஸ் யன்னல்தான் என்னிட்ட வந்திச்சு. நீங்க நல்லாச் செய்திருப்பீங்க, இல்லன்னு சொல்லேல்ல. ஆனா பிள்ளைகுட்டி இருக்கிற வாங்குக்கு மேல இவ்வளவு கண்ணாடியா?”

வாங்கு என்றால் பெஞ்சு. ஜன்னலை வைத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசையை முடிப்போம், சனங்கள் பார்க்கட்டும், பிறகு இருப்பதா கழற்றுவதா என்று முடிவு செய்வோம் என்றார் பாதிரியார். எல்லோருக்கும் தலையாட்டுகிறவர்களால் எட்டக்கூடிய முடிவு அதுதான்.

சனிக்கிழமை முழுவதும் கொத்தனாரோடு டீச்சர் நின்று ஜன்னலைப் பொருத்தினார். எனக்கு வேலை இல்லை. தெருமுனைக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டேன். இரண்டு தகடுகளை வைத்து ரொட்டியைக் கொத்தியவர் போட்ட சத்தத்தில், அவருக்கும் ரொட்டிக்கும் ஏதோ பழைய பகை இருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்தியா என்று தெரிந்ததும் கடையிலிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “உங்கட ஆமி ஆக்கள் வந்து நிண்டவை. எங்களுக்கு நல்லாத் தெரியும்” என்றார். நான் இன்னொரு டீ கேட்கவில்லை.

ஞாயிறு காலை, பூசைக்கு நேரம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தோம். டீச்சர் நல்ல சேலை உடுத்தியிருந்தார். வாசலில் ரீட்டா அக்கா என்ற அம்மாவும் இன்னும் சில பெண்களும் முகமெல்லாம் பூரிப்பாக நின்றார்கள்.

“வாங்க டீச்சர், பாருங்க. விடிய முதலே வந்து முடிச்சிட்டோம்.”

உள்ளே போனோம். ஜன்னலின் மேலிருந்து கீழ்வரை, ஒரு துண்டு தவறாமல், பழுப்பு டேப்பைப் பெருக்கல் குறி பெருக்கல் குறியாக ஒட்டியிருந்தார்கள். மற்ற ஜன்னல்களுக்கு ஒற்றை டேப், இதற்கு இரட்டை. விளிம்பெல்லாம் கத்தரித்து, சுருக்கம் விழாமல், கல்யாணப் பரிசைப் பொதி கட்டியதுபோல் நேர்த்தியாக இருந்தது.

டீச்சர் கிட்டே போய் ஒரு டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். ரீட்டா அக்காவின் பூரிப்பு மெல்ல வடிந்தது.

“மற்றதுக்கெல்லாம் ஒட்டிட்டு உங்கட யன்னலை மட்டும் சும்மா விட்டா என்ன நினைப்பீங்க? எங்கட யன்னல் இல்லன்னு வச்ச மாதிரி ஆகாதா?”

நான் எவ்வளவோ விமரிசனம் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். இவ்வளவு அன்பாக ஒரு கலைப்படைப்பை யாரும் கொன்றதில்லை.

டீச்சர் சேலையை இழுத்துச் செருகினார். கைப்பையிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஏணியைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. சூசை அண்ணன் வேகமாக வந்தார்.

“டீச்சர், எடுக்காதீங்க.”

“எடுக்காட்டி இது பார்சல், அண்ணை.”

“எடுத்தா ஆயுதம்.”

இருவரும் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். ஒருவராவது முட்டாளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாக ஒரு பக்கம் சேர்ந்திருப்பேன்.

மேல் பாதிதான் உரிந்தது, மணி அடித்துவிட்டார்கள். பூசை தொடங்கியது. பாதி டேப்போடு ஜன்னல் நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்க் கட்டடத்தின் கூரைக்கு மேல் சூரியன் ஏறியது. அதுவரை சாம்பலாக இருந்த கோயிலுக்குள் சத்தமில்லாமல் நிறம் இறங்கியது. முன்வரிசையில் ஒருவரின் வழுக்கைத் தலை பச்சையானது. ஒரு அம்மாவின் முக்காடு, ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது. அவள் கையை நீட்டிச் சிவப்பில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பூசைப் புத்தகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் அது. பாதிரியாரின் வெள்ளை அங்கியில் ஊதா ஊர்ந்தது. நான் எழுதிய கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கீழ்ப்பாதியில் டேப்பின் நிழல் சுவரில் கட்டம் கட்டமாக விழுந்து, நிறத்தைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தது. அதுவும் ஒரு மாதிரி அழகுதானோ என்று எனக்குப் பட்டது. டீச்சர் பக்கமாகக் குனிந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. “இந்த டேப்போட சேர்த்து அழகெண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பூசை முடிந்தது. ஒருவரும் கலையவில்லை. பாதிரியார், இந்தியாவிலிருந்து வந்திருக்கும் கண்ணாடி வியாபாரி இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். சிவபாதம் சுவரைப் பார்த்தார். போலீசில் சொன்னதைக் கோயிலிலும் மாற்றாமல் சொல்லியிருக்கிறார், ஒழுங்கான கணக்கர்.

நான் எழுந்தேன். ஒளி, நிறம், உணர்ச்சி என்று தயாரித்து வைத்திருந்த பேச்சு சட்டைப்பையில் இருந்தது. சூசை அண்ணன் அதற்குள் கையை உயர்த்தினார்.

“நீங்க தொழில்காரர். நேராச் சொல்லுங்க. வெடிச்சா இது பறக்குமா, பறக்காதா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பறக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் டீச்சரின் ஜன்னல் நிற்கும். அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. சூசை அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“கண்ணாடி என்பது...” என்று ஆரம்பித்தேன்.

“ஐயா, விடுங்கோ” என்றார் டீச்சர். வாங்குக்கு அடியில் வைத்திருந்த பழைய சேலைப் பொதியைப் பிரித்துப் பப்பாளிப் பலகையை எடுத்தார். “அண்ணை, வெளியில வாங்கோ. சுத்தியல் இருக்கோ?”

முற்றத்தில், இரண்டு செங்கல்லுக்கு நடுவே பலகையை நிறுத்தினார். ஜன்னலும் இதே கண்ணாடி, இதே ஈயம், இதே வேலை என்றார். “நீங்களே அடியுங்கோ. உங்களுக்கு விருப்பமான மாதிரி.”

“டீச்சர், இது நல்ல சாமான்.”

“நல்ல சாமான் எண்டபடியாத்தான்.”

சூசை அண்ணன் சுத்தியலை ஓங்கினார், நிறுத்தினார், எங்கள் எல்லோரையும் பத்தடி பின்னால் போகச் சொன்னார். பிறகு முழு பலத்தோடு அடித்தார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு ரீட்டா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பலகை வயிறு தள்ளி வளைந்தது. ஈயப் பட்டிகள் நெளிந்தன. கண்ணாடி வெடித்து வலையாக விரிசல் விட்டு, பெரும்பகுதி அப்படியே தொங்கியது. சில துண்டுகள் கழன்று அடியிலேயே விழுந்தன. சூசை அண்ணன் குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தரையோடு வைத்துத் தூரத்தில் ஏதாவது கிடக்கிறதா என்று தேடினார். நெடுநேரம் தேடினார். டீச்சர் உடைந்த பலகையைப் பார்க்கவில்லை; சூசை அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“விழுது” என்றார் சூசை அண்ணன்.

“ஓம், விழுகுது.”

“ஆனா பறக்கேல்ல.”

“பறக்கேல்லை.”

அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். “அப்ப யன்னல் இருக்கட்டும். டேப்பும் வேணாம். கீழ இருக்கிற ரெண்டு வாங்கில மட்டும் ஒருத்தரும் இருக்கக் கூடாது. கயிறு கட்டிடுவோம். ஃபாதர், சரிதானே?”

பாதிரியார் தலையாட்டினார்.

டீச்சர் மறுபடி ஏணியில் ஏறி மிச்ச டேப்பை உரிக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் ரீட்டா அக்கா மண்ணெண்ணெய்யும் துணியும் கொண்டுவந்து, டேப்பின் பிசினைக் கீழிருந்து துடைத்துக்கொண்டே போனார். என் பேச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் மட்டும் தனியாக வந்து, வீட்டுக் கதவுக்குக் கண்ணாடி போட என்ன ஆகும் என்று விசாரித்தார்கள்.

ஊர் திரும்பும்போது என் பெட்டியில் இருந்தவை: வெள்ளவத்தைச் சந்தில் இருந்தவர்கள் சென்னையிலுள்ள உறவுகளுக்குக் கொடுத்தனுப்பிய மிளகாய்த் தூள், பனங்கட்டி, பாதசரம் என்கிற கொலுசு ஒரு ஜோடி. என் சட்டைகளை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று.

சில மாதங்கள் கழித்துத் தவமலர் டீச்சருக்குத் தொலைபேசினேன். சிவபாதம் எடுத்து, “இருக்கிறா, கனடாவுக்குப் போகேல்லை” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மனைவியிடம் கொடுத்தார். கொட்டாஞ்சேனை ஜன்னல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“இருக்குது ஐயா. சுகமா இருக்குது.”

“அந்தக் கயிறு?”

“அதைக் கழட்டி எறிஞ்சு கன நாளாச்சு. இப்ப சனமெல்லாம் யன்னலுக்குக் கீழதான். அந்த ரெண்டு வாங்குக்கும் இடம் பிடிக்கிறதில சண்டை. சூசை அண்ணைதான் முதல் ஆளா வந்து இருக்கிறார்.”

எனக்கு மெய்சிலிர்த்தது. பயத்தை ஒளி வென்றுவிட்டது, நிறம் மனிதனை அழைத்துக்கொண்டுவிட்டது என்று பேச ஆரம்பித்தேன். புதுக் கட்டுரையின் முதல் பத்தி முழுவதும் தொலைபேசியிலேயே வந்துவிட்டது. டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

“அவசரப்பட்டு எழுதிப்போடாதேங்கோ ஐயா” என்றார். “போன மாதம் கோயிலுக்கு ஒரு ஃபேன் வாங்கினவை. அதை அந்த ரெண்டு வாங்குக்கு மேலதான் பூட்டியிருக்கினம்.”